இரும்பு டிரம்மில் சிட்ரிக் அமிலமா?

கேள்வி: மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறேன். ஒரு வியாபாரி மொலாசஸும் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) நுண்ணுயிர்ப் பொடியும் கொடுத்து, கலந்து வைத்தால் சிட்ரிக் அமிலம் ஆகும், நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். இரண்டு பழைய இரும்பு டிரம்மில் ஊற்றி ஒரு மாதம் ஆகிறது. நுரையும் புளித்த நாற்றமும்தான் வருகிறது. இன்னும் பொடி போடச் சொல்கிறார். போடலாமா? வண்டி கிடைக்காமல் வெட்டிய கரும்பு நாலு நாள் வயலிலேயே கிடக்கிறது. அந்த நஷ்டத்தை இதில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பதில்: போடாதீர்கள் ஐயா. கொடுத்த காசு போகட்டும், இனிக் கொடுக்கப்போவதாவது மிஞ்சும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை சர்க்கரையை சிட்ரிக் அமிலமாக்கும். 1917-இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர் அதைக் காட்டிய பிறகுதான் எலுமிச்சையை நம்பியிருந்த தொழில் மாறியது. மொலாசஸில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை, பூஞ்சைக்கு மலிவான தீனி. ஆனால் இரும்பும் மாங்கனீசும் கூடினால் பூஞ்சை அமிலம் சுரக்காது, தன் உடம்பைத்தான் வளர்க்கும். தொழிற்சாலையில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு போட்டு முதலில் மொலாசஸிலுள்ள இரும்பைப் பிரிப்பார்கள். நீங்களோ இரும்பிலேயே ஊறப்போட்டிருக்கிறீர்கள்! நுரைப்பது, காற்றில் வந்து விழுந்த ஈஸ்டும் பாக்டீரியாவும். அமிலமே விளைந்திருந்தாலும் சுண்ணாம்பில் படியவைத்து, கந்தக அமிலத்தால் பிரித்து, சுண்டவைத்துப் படிகமாக்கினால்தான் சரக்கு. அந்த வியாபாரிக்கு விளைச்சல் பொடியில்தான். இப்படி ஒரு பொட்டலத்தை நானும் வாங்கி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். மாவுத் துகள், நாலைந்து ஈஸ்ட். பூஞ்சை வித்து ஒன்றுகூட இல்லை.

கடிதத்தின் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நாலு நாள்! கிடக்கிற கரும்பின் வெட்டுவாயைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று இருக்கும், புளிப்பு வாடை அடிக்கும். லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அந்த வழியாகப் புகுந்து சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற கோழையாக்குகிறது. இதே பாக்டீரியாவை வளர்த்து, டெக்ஸ்ட்ரானைச் சுத்தம் செய்து, நரம்பில் ஏற்றும் மருந்துத் திரவத்தில் சேர்க்கிறார்கள். ஆக, விலையுள்ள ரசாயனம் உங்கள் வயலிலேயே தயாராகிறது, உங்கள் சர்க்கரையைத் தின்று! கரும்பின் சொந்த நொதியான இன்வர்டேஸ் வேறு தன் பங்குக்குச் சுக்ரோஸை, அதாவது கரும்புச் சர்க்கரையை, உடைக்கும். அந்தச் சாறு ஆலையில் வடிகட்டியை அடைக்கும், படிகம் சரியாகப் பிடிக்காது. இதில் ஒரு வேடிக்கை: டெக்ஸ்ட்ரான் ஒளியைச் சர்க்கரையைவிடச் சுமார் மூன்று மடங்கு வலப்பக்கம் திருப்பும். அதனால், ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துச் சர்க்கரையைக் கணிக்கும் ‘போல்’ அளவீட்டில் சர்க்கரை அதிகமாகத் தெரியும், மூட்டையில் குறையும்.

என் பிடிவாதம் ஒன்றுதான். வண்டி நிச்சயமாகாமல் அரிவாளை எடுக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போகிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், மிச்சம் நிற்கட்டும். வெட்டு எளிது என்று தோகையைக் கொளுத்த வேண்டவே வேண்டாம். வெந்து வெடித்த தோல் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். தவிர்க்க முடியாமல் ஒரு நாள் கிடந்தால் நிழலில் அடுக்கித் தோகை மூடித் தண்ணீர் தெளியுங்கள். வெட்டிய கரும்பில் தெளிக்க மருந்து என்று அதே ஆள் அடுத்து வருவார், திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

டிரம்மில் இருப்பதை வேரில் ஊற்றாதீர்கள். நிறையத் தண்ணீர் கலந்து தோகைக் குவியலில் தெளித்து மக்கவிடுங்கள்.