பேண்டில் டிரம் வாசிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொள்ள முடியுமா?

கேட்டிருப்பவர் ஒரு தந்தை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளி பேண்டில் சைடு டிரம் (இரண்டு குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) வாசிக்கிறானாம். படிப்பை விட அதில்தான் மனசு இருக்கிறது, இதை நம்பி விடலாமா என்கிறார்.

விடலாம். நான் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். 1981-ல் ராணுவத்தில் சேர்ந்தேன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி, பிறகு பேண்ட். 2005-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, கோவைப் பக்கம் பள்ளிகளில் பேண்ட் மாஸ்டர் ஆனேன். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளுக்கு நடுவராகவும் போகிறேன். ராணுவ பேண்ட் என்றால் வாசிப்பது மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர் வந்தால் பேண்ட்காரர்கள் ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். அதற்கும் பயிற்சி உண்டு.

எனக்கு முதல் ஆறு மாதம் டிரம்மையே தொட விடவில்லை. ஒரு ரப்பர் பேட், இரண்டு குச்சி, அவ்வளவுதான். வலது இரண்டு, இடது இரண்டு என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நடந்து போகிறவன் மாதிரி மெதுவாகத் தொடங்கி, மழை கொட்டுவது மாதிரி வேகமாக்கி, அதே அளவில் மறுபடி மெதுவாக இறக்க வேண்டும். பட்டாளத்தில் இதற்கு ‘டாடி மம்மி’ என்று பெயர். வேகமாக ஏறுவது எல்லோருக்கும் வந்துவிடும், இறங்கும்போதுதான் கை தடுமாறும். இன்றைக்கும் புதுப் பையன் வந்தால் இறக்கத்தைத்தான் முதலில் கேட்பேன்.

ஆனால் மார்ச்சிங்கில் டிரம்காரனுக்குக் கையை விட முக்கியம் கால். நிமிடத்துக்கு 120 காலடி, ஒவ்வொன்றும் 30 அங்குலம். பேஸ் டிரம்மின், அதாவது பெரிய டிரம்மின், அடி இடது கால் தரையில் பதியும்போது விழ வேண்டும். கால் பிசகினால் கை தானாகப் பிசகும். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் மிக நல்ல கால் யாருக்கு இருந்தது தெரியுமா? பறை அடிக்கும் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குத்தான். பறையில் ஆட்டமும் அடியும் ஒன்றாகவே வளர்கின்றன. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துப் பழகிய கைக்கு சைடு டிரம் குச்சி பழக இரண்டு வாரம் ஆகும். காலுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமே இருக்காது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வீட்டில் பறை இருப்பதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதை நான் விடவே மாட்டேன். எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லி, மற்றவர்களை அந்தக் காலைப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் காது. டெல்லியில் ஜனவரி 29 அன்று விஜய் சௌக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டில், அதாவது குடியரசு தின விழாவை முடித்துவைக்கும் பேண்ட் நிகழ்ச்சியில், ஒருமுறை வாசித்தேன். பல பேண்டுகள் ஒன்றாக நின்று வாசிக்கும்போது ஒரு விஷயம் உடம்பில் உறைக்கும். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகிறது. அதாவது 34 மீட்டர் தள்ளி நிற்பவன் அடித்தது பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் நம் காதுக்கு வரும். நம் ஒரு தாளத்துக்கே அரை நொடிதான். அப்படியென்றால் பின்வரிசைக்காரன் முன்வரிசையைக் காதால் கேட்டு அடித்தால் தாளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திவிடுவான். அவன் அடித்தது முன்னால் போய்ச் சேர அதே அளவு இன்னொரு முறை பிந்தும். அதனால்தான் “பின்னால் இருப்பவன் கேட்காதே, டிரம் மேஜரின் மேஸைப் பார். முன்னால் இருப்பவன் பின்னாலிருந்து வருவதைக் கேள்” என்று திரும்பத் திரும்பச் சொல்வோம். டிரம் மேஜர் என்பவர் பேண்டை முன்னின்று நடத்துபவர், மேஸ் அவர் கையில் இருக்கும் நீளக் கோல்.

இதை இவ்வளவு காலம் சொல்லிக்கொடுத்த நானே நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது மறந்துவிட்டேன். தொடங்கிய புதிதில் ஒரு போட்டி. ஒரு பள்ளி மைதானம் முழுக்க விரிந்து நின்று வாசித்தது. பேஸ் டிரம் கடைசி வரிசையில். மேடையிலிருந்து கேட்ட எனக்கு அது பிந்தியது, மதிப்பெண்ணைக் குறைத்தேன். முடிவு அறிவித்த பிறகு அவர்களுடைய மாஸ்டர் வந்தார். சண்டை போடவில்லை. “ஐயா, ஒரே ஒரு தடவை உள்ளே வந்து நின்று கேளுங்க” என்றார். நடுவில் போய் நின்றேன். பிள்ளைகள் கண் இமைக்காமல் மேஸைப் பார்த்து இம்மி பிசகாமல் அடித்தார்கள். அவர்களுடைய இடம் அதற்குள் வேறு பள்ளிக்குப் போய்விட்டது. அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து முதல் சுற்றை மேடையிலிருந்தும், அடுத்ததை மைதானத்துக்குள் நடந்தும் கேட்க அனுமதி வாங்கிக்கொள்கிறேன். அமெரிக்காவின் டிரம் கோர் (மார்ச்சிங் இசைக்குழு) போட்டிகளில் நடுவர் வாசிப்பவர்களுக்கு நடுவே நடந்து கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஒவ்வொரு தவறுக்கும் 0.1 குறைக்கும் பழைய முறையை 1980-களின் நடுவில் அவர்கள் கைவிட்டார்கள். தவறை எண்ணினால் பிள்ளைகள் எளிதானதை மட்டும்தான் வாசிப்பார்கள், அதனால் அது சரியான முடிவு என்பது என் கருத்து. கடினமான ரோலை (இடைவிடாத வேக அடியை) எடுத்து ஒரு இடத்தில் தடுக்கிய குழுவுக்கு நான் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைத் தாங்குவது ராணுவ ஓய்வூதியம். பள்ளிகளில் பெரும்பாலும் பகுதிநேரச் சம்பளம்தான், கோடை விடுமுறையில் அதுவும் இருக்காது. ஆகவே பையன் பன்னிரண்டாவதை முடிக்கட்டும். ராணுவம், போலீஸ் பேண்டுகளுக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கட்டும். கூடவே எழுதிய இசையைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொள்ளட்டும். என் காலத்தில் அது தெரியாமல் பின்தங்கிய நல்ல கைக்காரர்கள் பலர்.

டிரம் இப்போது வாங்க வேண்டாம். பேடும் குச்சியும் போதும். ஆனால் காதில் வைக்கும் நுரை அடைப்பான் மட்டும் இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள். பஞ்சு போதாது. நான் பஞ்சுதான் வைத்தேன். இடது காதில் பேத்தி பேசுவது இப்போது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.