எலிசபெத்தின் பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் ஊரில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 1475ஆம் ஆண்டு அரசத் திருமணத்தை நடித்துக் காட்டும் விழாவைக் காணொளியில் பார்த்தேன். அந்த மணமக்களின் மகள் எலிசபெத்தின் சொத்தாசையால்தான் பிறகு பவேரியா போரில் எரிந்தது என்று அதில் ஒருவர் சொன்னார். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்மை இல்லை. அந்தப் பழியை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம். சொத்தை மகள் பெயருக்கு எழுதி வைத்தவர் அப்பா.

அந்த அப்பாவை, அதாவது பவேரியா-லாண்ட்ஸ்ஹூட்டின் பிரபு ஜார்ஜை, ஊரே 'பணக்கார ஜார்ஜ்' என்றுதான் சொல்லும். அவருக்கும் போலந்து இளவரசி ஹெட்விக்குக்கும் ஆண்பிள்ளை நிலைக்கவில்லை. பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குடும்பத்தின் ஒப்பந்தப்படி, ஆண் வாரிசு இல்லாத கிளையின் நாடு உறவுக் கிளைக்கு, அதாவது மியூனிக்கில் ஆண்ட ஆல்பிரெக்டுக்குப் போக வேண்டும். ஜார்ஜுக்கு அதில் மனமில்லை. 1496இல் மகளை வாரிசாக்கி உயில் எழுதினார். 1499இல் தன் தங்கை மகன் ரூப்ரெஷ்டுக்கே அவரைக் கட்டிவைத்தார். பாலடினேட் என்ற இன்னொரு ஜெர்மன் நாட்டின் ஆட்சியாளருக்கு மகனான இந்த மாப்பிள்ளை, அதற்கு முன் ஃபிரைஸிங்கின் பிஷப்! சபைப் பதவியை விட்டுவிட்டு மணமேடைக்கு வந்தார். எல்லாம் நாடு கைமாறக் கூடாது என்பதற்காகத்தான்.

1503 டிசம்பரில் ஜார்ஜ் இறந்தார். ஒப்பந்தத்தை வைத்துப் பார்த்தால் ஆல்பிரெக்ட் பக்கம் வலு அதிகம், அதை மறுக்க மாட்டேன். எலிசபெத்தும் ரூப்ரெஷ்டும் உயிலை விட்டுக்கொடுக்காமல் 1504இல் லாண்ட்ஸ்ஹூட்டைக் கைப்பற்றினார்கள், அதுவும் உண்மை. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலான அரசர் மாக்ஸிமிலியன் யார்? ஆல்பிரெக்டின் மனைவி குனிகுண்டேயின் அண்ணன். மைத்துனருக்குத் துணையாகப் படையோடு வந்தவர் சும்மா திரும்பவில்லை. குஃப்ஸ்டைன், கிட்ஸ்பியூல், ராட்டன்பெர்க் ஆகிய மூன்று ஊர்களையும் தான் ஆண்ட டிரோல் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் அவை ஆஸ்திரியாவில்தான் இருக்கின்றன.

அப்புறம் தேதிகளைப் பாருங்கள். 1504 ஆகஸ்ட் 20இல் ரூப்ரெஷ்ட் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். செப்டம்பர் 12இல் ரேகன்ஸ்பர்க் அருகே வென்சன்பாக்கில் அவர்கள் தரப்புக்காகப் போரிட்ட போஹீமியப் படை தோற்றது. மூன்றே நாளில் எலிசபெத்தும் போய்விட்டார். வயது இருபதுகளின் நடுவில். அவருடைய ஆசைதான் போருக்குக் காரணம் என்றால், அன்றோடு அது நின்றிருக்க வேண்டாமா? அக்டோபரில்தான் மாக்ஸிமிலியன் பெரும் பீரங்கிகளோடு குஃப்ஸ்டைன் கோட்டையைத் தகர்த்தார். சண்டை அடுத்த ஆண்டுவரை இழுத்தது. கிராமங்களைக் கொளுத்தியதில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு.

1505 ஜூலையில் கொலோனில் தீர்ப்பு வந்தது. பெரும்பகுதி ஆல்பிரெக்டுக்கு. இனி பவேரியாவைப் பங்கு போடக் கூடாது, மூத்த மகனுக்கே முழுதும் என்று மறு ஆண்டே அவர் சட்டம் செய்தார். அத்தனை ரத்தத்துக்குப் பிறகு வந்த அந்த ஒரு முடிவு நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். எலிசபெத் விட்டுச்சென்ற இரண்டு சிறு பையன்களுக்காக, டான்யூப் கரையில் நோய்பர்க்கைத் தலைநகராக வைத்து ஒரு சிறிய நாட்டை வெட்டிக் கொடுத்தார்கள். தாத்தாவின் உயிலில் மிஞ்சியது அவ்வளவுதான். அவர்களில் மூத்தவன் ஓட்ஹைன்ரிஷ் 1556இல் பாலடினேட்டின் ஆட்சியாளர் ஆனார். ஹைடல்பெர்க் கோட்டையில் அவர் கட்டிய மாளிகையின் முகப்பு இன்னும் நிற்கிறது.