பெயர்ப் பலகைக்கு விசுவாசம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஊர் மன்னார்குடி. பள்ளி நாட்களில் பிரவுசிங் சென்டரில் ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற வீடியோ கேம் வரிசையின் வைஸ் சிட்டி ஆடத் தொடங்கி, சான் ஆண்ட்ரியாஸ், ஐந்தாம் பாகம் என்று அந்த வரிசையை விட்டதே இல்லை. ஆறாம் பாகத்துக்காகவே பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கியிருக்கிறேன். முன்பதிவு திறக்கிற அன்றே பணம் கட்டிவிடுவதாக இருக்கிறேன். "நீ என்ன கம்பெனிக்கு ரசிகர் மன்றமா?" என்று நண்பன் கேலி செய்கிறான். இத்தனை வருஷம் சந்தோஷம் கொடுத்தவர்களுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா?

– வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடு, அதாவது ஆட்டத்தில் குறுக்கு வழி திறக்கும் ரகசியச் சொற்கள், எழுதி வைத்திருந்த தலைமுறை நீங்கள். 'பான்சர்' என்று தட்டினால் டேங்க் வந்து நிற்கும், 'லீவ்மீஅலோன்' என்றால் போலீஸ் விலகிவிடும். ஆனால் அன்று நம் பக்கத்து சென்டர்களில் ஓடியது பெரும்பாலும் காப்பியடித்த சிடி. செய்தவர்களுக்கு நம்மிடமிருந்து பைசா போகவில்லை. அதனால் உங்களிடம் இருப்பது விசுவாசம் பாதி, பழைய கடன் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கடனை யாரிடம் தீர்ப்பது? 2002-இல் வைஸ் சிட்டியைச் செய்தது ராக்ஸ்டார் நிறுவனத்தின் கிளையான, எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த். அதன் கதையை எழுதியவர்களில் ஒருவரான டான் ஹவுசர் 2020-இல் விலகிவிட்டார். 2021-இல் ராக்ஸ்டார்காரர்கள் பழைய மூன்று ஜிடிஏ ஆட்டங்களைப் புதுப்பித்து விற்றார்களே, அந்த வேலையைப் பார்த்தது குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற வேறு நிறுவனம். ஆட்டத்துக்குள் மழை பெய்தால் எதிரே இருப்பது தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை. பெயரை நம்பி முதல் நாளே வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அதுதான். எனக்குப் பொறுக்காதது வேறொன்று. புதியது வருவதற்கு முன்பே பழைய பதிப்புகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காப்பி சிடிக்கு இப்போதாவது காசு கொடுப்போம் என்று நினைத்தவனுக்கும் வழியில்லை! கூச்சல் கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு, கணினிப் பதிப்புகளைத் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள்.

நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை, கூடவே பித்தளை டபரா. கும்பகோணத்துக்காரர் யாராவது அந்தப் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறாரா?

ஆறாம் பாகம் மோசமாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. பிரமாதமாகவே இருக்கலாம், நானும் ஆடத்தான் போகிறேன். முன்பதிவுதான் எதற்கென்று புரியவில்லை. பதிவிறக்குகிற ஆட்டம் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நீங்கள் வாங்கப்போகிற பிளேஸ்டேஷன் கடையிலோ, பதிவிறக்கத் தொடங்கிவிட்டாலே பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே வெளியாகி ஒரு வாரம் போகட்டும். நாலு பேர் ஆடுவதை யூட்யூபில் பாருங்கள், அப்புறம் கட்டுங்கள். டிஸ்க் கிடைத்தால் டிஸ்க்காகவே வாங்குங்கள். பிடிக்காவிட்டால் விற்றாவது பாதிப் பணத்தை எடுக்கலாம்.