பார்க்கும்போது பூட்டியிருக்கட்டும்

கேள்வி: எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் வைத்திருக்கிறோம். விவரம் பார்க்கத் திறப்பவர்கள் கைதவறி ஏதேனும் ஒரு விசையை அழுத்திவிட, தொலைபேசி எண்கள் மாறிப்போகின்றன. பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் தனித்தனிப் படிவங்கள் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஒரே படிவம் இரண்டு நிலைகளில் இயங்கினால் போதும். இரண்டு படிவங்கள் வைத்தால், ஒன்றில் செய்யும் மாற்றத்தை மற்றொன்றிலும் செய்ய மறந்துவிடுவோம்.

ஆக்சஸில் அடுத்த பதிவுக்கு நகர்ந்தாலோ படிவத்தை மூடினாலோ, செய்த மாற்றம் உங்களைக் கேளாமலேயே அட்டவணையில் சேமிக்கப்பட்டுவிடுகிறது. திருத்தம் நடந்துகொண்டிருப்பதைப் படிவத்தின் இடது ஓரத்தில் தோன்றும் சிறிய பென்சில் குறி காட்டும் என்றாலும், முகவரியைப் படித்துக்கொண்டிருப்பவரின் கண் அங்கே செல்வதில்லை. சேமிக்கப்படுவதற்குள் எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய மதிப்பு திரும்பிவிடும். ஆனால் தவறு நேர்ந்ததையே அறியாதவர் அதை அழுத்தப் போவதில்லை. எனவே படிவம் எப்போதும் பூட்டிய நிலையில்தான் திறக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 'திருத்து' பொத்தானை அழுத்திய பிறகே கட்டங்கள் திறக்கட்டும். அப்போது அவற்றின் பின்னணி நிறம் மாறட்டும். 'சேமி', 'கைவிடு' என்னும் பொத்தான்கள் தோன்றட்டும். வேறு பதிவுக்குச் சென்றதும் படிவம் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளட்டும்.

இதைச் செய்யும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. படிவத்தின் பண்புகளில் (அமைப்புகளில்) திருத்தத்தை அனுமதிக்கும் 'அலௌ எடிட்ஸ்' பண்பை 'நோ' என்று வைத்தால், தரவுக் கட்டங்களோடு, அட்டவணையின் எந்தப் புலத்துடனும் (நெடுவரிசையுடனும்) இணைக்கப்படாத தேடல் பெட்டியும் சேர்ந்து முடங்கிவிடும். உறுப்பினரைத் தேடவே முடியாது. ஆகவே தரவுக் கட்டங்களுக்கு மட்டும் 'லாக்டு' பண்பை 'யெஸ்' என்று வையுங்கள். 'எனேபிள்டு' பண்பை 'நோ' ஆக்கினாலும் பூட்டலாம், ஆனால் அப்போது எழுத்து மங்கிவிடும், எண்ணை நகலெடுக்கவும் இயலாது. பார்க்க வருபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்த நகல்தான்.

புதிய உறுப்பினர்களைத் தொடர்ந்து பதிவு செய்பவரை மட்டும் ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்த வைக்காதீர்கள். அவருக்கு 'டேட்டா என்ட்ரி' பண்பை 'யெஸ்' என்று வைத்த தனிப் படிவம் தரலாம். பழைய பதிவுகள் அதில் தோன்றா.

கேள்வி: இவ்வாறு பூட்டிவிட்டால் தரவு பாதுகாப்பாக இருக்குமா?

பதில்: கைதவறுதலிலிருந்து மட்டுமே. 2007 பதிப்பில் வந்த ஆக்சஸ் கோப்பு வடிவத்தில் பயனர்வாரியான அனுமதி முறை இல்லை. கோப்பைத் திறக்க முடிந்தவர், படிவத்தை விட்டுவிட்டு அட்டவணையையே திறந்து மாற்றலாம். அது கவலையளித்தால், தரவை மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள சர்வருக்கு மாற்றி, பார்ப்பவர்களின் கணக்குக்கு 'செலக்ட்' அனுமதியை, அதாவது படிக்கும் அனுமதியை, மட்டும் அளியுங்கள். அப்போது படிவத்தில் பிழை இருந்தாலும் சர்வர் மாற்றத்தை ஏற்காது. அத்தகைய கணக்கில் நுழைபவருக்குத் 'திருத்து' பொத்தானைக் காட்டவே வேண்டாம். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்த பிறகு அனுமதியில்லை என்ற செய்தியை அவர் காணும்படி விடக் கூடாது.