அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது ஆபிரகாம் லிங்கன்தானா? எந்த ஆண்டில் ஒழிந்தது?

லிங்கனுக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளியில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு "ஆபிரகாம் லிங்கன்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோமே, அந்த விடையில் அடிமைகளாக இருந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

1861 மே 23 இரவு நடந்ததைச் சொல்கிறேன். அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்கள் தனி நாடு என்று பிரிந்துபோக, வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்று மூன்று அடிமைகள், தெற்கத்திய படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை இறக்கியிருந்தார்கள். அடுத்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும், இருட்டில் ஒரு படகை எடுத்துத் துடுப்புப் போட்டு, எதிர்க்கரையில் வடக்குப் படையின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓடிப்போன அடிமையைப் பிடித்து உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற 1850ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. கோட்டைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தால் மூன்று பேர் கதியும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மறுநாளே வெள்ளைக்கொடியோடு தெற்கத்திய படையின் மேஜர் ஒருவர் வந்து அவர்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் அடிப்படையில் ஒரு வக்கீல். நீங்கள்தான் வேறு நாடு என்று பிரிந்துவிட்டீர்களே, அப்புறம் எங்கள் நாட்டுச் சட்டத்தை எப்படிக் கேட்கிறீர்கள், எதிரியின் போர் வேலைக்குப் பயன்பட்டதால் இவர்கள் போரில் கைப்பற்றப்பட்ட சரக்கு என்று சொல்லிவிட்டார். மனிதனைச் சரக்கு என்றே சொல்லித்தான் காப்பாற்ற முடிந்தது என்பது வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் செய்தி காட்டுத்தீயாகப் பரவி, சில நாட்களிலேயே குடும்பம் குடும்பமாகக் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றமே இதற்கு ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று.

1619இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட இருபது பேர் சொச்சத்தை வர்ஜீனியாவில் முதன்முதலாக இறக்கினார்களே, பாயின்ட் கம்ஃபர்ட், அதே முனையில்தான் இந்தக் கோட்டை நிற்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

போர் முடிவதற்குள் இப்படி வடக்குப் படையிடம் வந்து சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கில். ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் சீருடை போட்டுச் சண்டையும் போட்டார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டதற்குப் பின்னால் இந்த அழுத்தம் இருந்தது. அந்தப் பிரகடனமும் பிரிந்துபோன பகுதிகளுக்கு மட்டும்தான். வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலாவேர், மிசூரி, மேரிலாந்தில் இருந்த அடிமைகளை அது தொடவே இல்லை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் விடுதலை உத்தரவைப் படித்தது 1865 ஜூன் 19இல், அதாவது இரண்டரை வருடம் கழித்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தபோது அரசு நஷ்டஈடு கொடுத்தது, ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை. யாருக்கு? உரிமையாளர்களுக்கு. வாழ்நாள் முழுக்கக் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு அந்த உழைப்புக்காக ஒரு காசு கிடையாது.

சரி, ஆண்டு கேட்டீர்கள். நாடு முழுவதும் சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வழியாக. லிங்கன் அதற்கு முன்பே ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். அந்தத் திருத்தத்திலும் "குற்றத்துக்கான தண்டனையாக அல்லாமல்" என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள், வேலையில்லாமல் திரிந்தான் என்பதையே குற்றமாக்கி, கறுப்பினத்தவரைச் சிறையில் தள்ளி, அங்கிருந்து தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் இந்தக் குத்தகை 1928 வரை நடந்தது.