அடிக்குழியில் தேங்கும் நீர்

கேள்வி: நாற்பது ஆண்டுப் பழமையான கண்ணாடியிழைப் பாய்மரப் படகொன்றை வாங்கியுள்ளேன். எவ்வளவு இறைத்தாலும் மறுநாளே படகின் அடிப்பகுதிப் பள்ளமான அடிக்குழியில் நீர் சேர்ந்துவிடுகிறது. பெரிய பம்ப் பொருத்தலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். எண்ணெய் கலவாத ஒரு துளியை நாவில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் துளையின் அடைப்பையும், அடிப்பகுதியைத் துளைத்துச் செல்லும் வால்வுகளையும் சோதிக்க வேண்டும். தண்டின் அடைப்பு, அதைச் சுற்றிக் கயிறு திணித்த பழைய வகையாக இருந்தால், தண்டு சுழலும்போது சொட்டுச் சொட்டாகக் கசிவது இயல்பு. நின்றபின்னும் தொடர்ந்து கசிந்தால்தான் இறுக்கவோ மாற்றவோ வேண்டும். கரிக்கவில்லையெனில், அது குடிநீர்த் தொட்டியின் கசிவாகவோ, கூரையைத் துளைத்து அடிவரை இறங்கும் பாய்மரத்தின் வழியாக வந்த மழைநீராகவோ இருக்கலாம்.

குறுக்குச் சட்டங்களிலுள்ள வடிதுளைகள் அழுக்கால் அடைபட்டிருந்தால் நீர் பம்ப்பை எட்டவே எட்டாது, கம்பியால் குத்திவிடுங்கள். பம்ப் நின்றதும் குழாயிலுள்ள நீர் திரும்பி வடியும் என்பதால், அந்தச் சிறிதளவை ஸ்பாஞ்சால்தான் ஒற்றியெடுக்க வேண்டும். மின்சாரம் போனால் உதவக் கைப்பம்ப் ஒன்றும் இருக்கட்டும்.