புது செல்ஃப், பழைய ஒயரிங்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அம்பாசிடரில் பழைய பெண்டிக்ஸ் செல்ஃபை (சுற்றும் வேகத்திலேயே பல் முன்னே வந்து மாட்டும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுத்துவிட்டு, சோலனாய்டு (மின்காந்த ஸ்விட்ச்) மேலேயே உள்ள புது வகை செல்ஃப் மாட்டியிருக்கிறோம். இன்ஜின் பிடித்தபின் சாவியை விட்டாலும் ஒரு விநாடி 'கர்ர்ர்' என்று பல் உரசுகிறது. மோட்டாரில் கோளாறா? – பெரம்பூர் வாசகர்

பதில்: கோளாறு ஒயரிங்கில். பழைய செல்ஃபுக்கு ஒரே ஒரு தடித்த கேபிள் போதும். சோலனாய்டு தனியாக இருக்கும். புது மோட்டாருக்கு 30 என்ற பெரிய போல்ட், 50 என்ற சின்ன டெர்மினல் என்று இரண்டு இணைப்பு வேண்டும். பழைய கேபிளை 30-இல் முடுக்கி, அங்கிருந்து 50-க்கு ஒரு துண்டு ஒயரை இழுத்து வேலையை முடித்திருப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் சாவியை விட்டதும், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாரே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, அந்தத் துண்டு ஒயர் வழியாகத் தன் சோலனாய்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. நிரந்தரக் காந்த வகை செல்ஃபில் இது அதிகம். கவனிக்காமல் விட்டால், செல்ஃப் வந்து மாட்டும் இன்ஜின் சக்கரத்தின் பல் (ஃப்ளைவீல் ரிங்) போய்விடும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். துண்டு ஒயரை எடுத்துவிடுங்கள். பழைய சோலனாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டிலிருந்தே தடித்த கேபிளை நேராக 30-க்குக் கொண்டுபோங்கள். பழைய சோலனாய்டின் மறுபக்க போல்ட்டிலிருந்து 4 சதுர மி.மீ ஒயர் 50-க்குப் போகட்டும். இனி பழைய சோலனாய்டு வெறும் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச். அதைத் தூக்கிவிட விரும்பினால் 40 ஆம்பியர் ரிலே போடுங்கள். அந்த ரிலேயின் கால்கள்: 85 எர்த், 86 சாவியின் ஸ்டார்ட் ஒயர், 30 ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87 செல்ஃபின் 50. சாவி ஸ்விட்சிலிருந்து நேராக 50-க்கு ஒயர் கொடுக்காதீர்கள். சோலனாய்டு இழுக்கும் நொடியில் 30 ஆம்பியருக்கு மேலும் போகலாம். பழைய ஸ்விட்சின் பாயின்ட் கருகிவிடும்.

கேள்வி: மாருதி 800. புது செல்ஃப் போட்டும் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். – வேளச்சேரி வாசகர்

பதில்: இன்னொரு செல்ஃப் வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றவர் அளக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ அதன் முனையில் உள்ள உலோக வளையமோ (லக்) சரியில்லை. நெகட்டிவ் முனைக்கும் செல்ஃப் உடலுக்கும் நடுவே 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. இவை மூன்றும் சரியாக இருந்து, 50-இலும் 9 வோல்ட் இருந்தும் 'டிக்'கோடு நின்றால்தான் மோட்டாரையோ சோலனாய்டு பாயின்ட்டையோ சந்தேகப்பட வேண்டும். 'டிக்டிக்டிக்' என்று அடுக்காக வந்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது கிளாம்ப் லூஸ்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளில் புகை வருகிறது! – திருவொற்றியூர் வாசகர்

பதில்: உடனே நிறுத்துங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை அறுந்திருக்கும், அல்லது மாட்டாமல் விட்டிருப்பார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டை இல்லாமல் மின்சாரம் திரும்ப வழியில்லை. சோக், ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள் என்று கிடைத்ததன் வழியாகப் போகும். 25 சதுர மி.மீ பின்னல் பட்டை வாங்கி, தொடும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் தெரியச் சுரண்டி, நட்சத்திர வாஷரோடு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கடற்காற்றுப் பகுதியில் கிரீஸ் இல்லாத எர்த் சீக்கிரமே பூத்துவிடும்.

கேள்வி: மெயின் கேபிளுக்கு ஃபியூஸ் போடலாமா? லக்கை ஈயம் வைத்து ஒட்டலாமா?

பதில்: ஃபியூஸ் வழக்கமில்லை, அதனால்தான் கேபிளைச் சைலன்சர் பக்கம் போகவிடாமல் கிளிப் போட்டுக் கட்ட வேண்டும், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் வேண்டும். ஈயம் மட்டும் வைத்து ஒட்டுவது வேண்டாம். லக் சூடானால் இளகிவிடும். ஹைட்ராலிக் கருவியில் லக்கை நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப்) வாங்குங்கள். சிறிய பெட்ரோல் காருக்கு 25 சதுர மி.மீ, டீசலுக்கு 50.

கேள்வி: பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த) உள்ள பழைய பிரிட்டிஷ் காருக்குப் புதுப்பேட்டையில் ஒரு செல்ஃப் கிடைத்தது. பொருந்துமா? – அண்ணா நகர் வாசகர்

பதில்: உள்ளே காந்தப்புலம் தருவது ஒயர் சுற்றிய காயிலா (ஃபீல்டு காயில்), நிரந்தரக் காந்தமா என்று முதலில் கேளுங்கள். ஃபீல்டு காயில் என்றால் பேட்டரியை எப்படி மாற்றி இணைத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். காந்த வகை எதிர்ப்பக்கம் சுற்றும், பினியன் (செல்ஃபின் சின்னப் பல்சக்கரம்) கிளட்ச் வழுக்கி இன்ஜின் அசையாது. பினியன் பல் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கடையில் சும்மா சுற்றிக் காட்டுவதை நம்ப முடியாது. பிரஷ் தேய்ந்த மோட்டார்கூட லோடு இல்லாமல் நன்றாகவே சுற்றும்.

கேள்வி: செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் சாவியை விடும் நொடியில்தான் இன்ஜின் பிடிக்கிறது. – தாம்பரம் வாசகர்

பதில்: ஓடும்போது இக்னிஷன் காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியாக இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் தர, பழைய சோலனாய்டில் மூன்றாவதாக ஒரு சின்ன டெர்மினல் இருந்திருக்கும். புதியதில் அது இல்லை என்று ஒயரை டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அதை 50-இல் சேர்த்துவிடாதீர்கள். ஓடும்போது காயிலிலிருந்து மின்சாரம் திரும்பி வந்து சோலனாய்டை விடாமல் பிடிக்கலாம். 87 என்ற கால் இரண்டு உள்ள ரிலே போட்டு, ஒன்றை செல்ஃபின் 50-க்கும், மற்றதை ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் பாகம்) வழியாகக் காயிலின் பாசிட்டிவுக்கும் கொடுங்கள். டயோடின் வெள்ளைக் கோடு காயில் பக்கம் இருக்க வேண்டும்.